மாற்றி மாட்டிய டியூப் வார்

சொன்ன சொல்லின் விலை நான்கு ரூபாய். சங்கரன்கோவிலில் பழைய சைக்கிள் டியூப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். வால்வு ஒட்டிய பகுதியைக் கழித்துவிட்டு நீளவாக்கில் சுற்றி வெட்டினால் மூன்று பெரிய வளையம் தேறும். அப்படி ஒன்று அறுந்துதான் கோமதித்தாயின் சொல் பனவடலிசத்திரம் வேகத்தடையில் உடைந்து மஞ்சளாக வழிந்தது.

கோமதித்தாய்க்கு முட்டை வியாபாரம். மொபெட் கேரியரில் பன்னிரண்டு அட்டை அடுக்கி, மூன்று டியூப் வாரை இழுத்து மாட்டிவிட்டால் முட்டை கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலுங்காமல் போய்ச் சேரும். கொக்கி வைத்த பளபளப்புக் கயிறும் கடையில் விற்கிறார்கள். அது இறுக்கினால் நெரிக்கும், விட்டால் ஆடும்.

பனவடலிசத்திரத்தில் முகம்மது அப்சல் புதிதாகப் புரோட்டாக் கடை போட்டிருந்தார். சுரண்டை வியாபாரி ஒருவர் முட்டைக்கு எட்டணா குறைத்துத் தருவதாகச் சொல்லியும், முதல் சரக்கை இவளிடம் கேட்டார். காரணம், இவள் விட்ட வார்த்தை: "ஒரு முட்டை கீறியிருந்தாலும் மறுநாள் என்னைக் கூப்பிடாதீய."

ஏழு அட்டை ரோட்டில் போனபின் மிச்சத்தைக் கொண்டுபோய் இறக்கினாள். அப்சல் மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க சொன்னபடிதான் செய்யுதேன்க்கா. நாளையிலேருந்து சுரண்டைக்காரர் போடட்டும்."

அவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. பேசியபடி நடந்தார், அவ்வளவுதான். கோபம் கையிலிருந்த அறுந்த வார் மேல் திரும்பியது. போன வாரம் அவள் வெட்டிய ரப்பரில்லை இது. வெயில் தின்று, நெடுக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் ஜிகினாத் தூள். அவள் தெருவில் ஜிகினா விற்பவர் ஒரே ஒருவர், ஃபேன்ஸி ஸ்டோர் ஆனந்தகுமார்.

அவள் சங்கரன்கோவில் திரும்பியபோது கடை வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. பின்னால் பொம்மைப் பெட்டிகள். அவற்றைக் கட்டியிருந்தது அவளுடைய புது வார்.

"இது யாருது அண்ணாச்சி?"

"காலையில அவசரம். திருவேங்கடத்துல சரக்குப் போட்டுட்டு இப்பத்தான் வாரேன், இது மிச்சம். நீ உள்ள முட்டை எடுக்கப் போயிருந்த. சும்மாவா எடுத்தேன்? என்னோடதை அங்கன மாட்டிட்டுத்தானே வந்தேன்."

அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். நிற்கிற வண்டியில் வார் தொங்கினால் யாரும் எடுக்கலாம், மனமிருந்தால் பதிலுக்கு ஒன்று வைக்கலாம். டியூப்பைப் போய்த் திருட்டு என்று சொன்னால் சொன்னவளுக்குத்தான் கஞ்சப் பட்டம். கறுப்புக்குக் கறுப்பு என்று அவளும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"உம்ம கிழிஞ்ச வேட்டிய எங்க வீட்டுக் கொடியில போட்டுட்டு, எங்க வீட்டுக்காரரு புது வேட்டியக் கட்டிட்டுப் போனா அதுக்குப் பேரு பண்டமாத்தா?"

"ஒரு டியூப்புக்கா இந்தக் கூப்பாடு? மூணு புது டியூப்பு வாங்கித் தாரேன்."

"டியூப்பு வாங்க எனக்குத் தெரியும் வே."

அண்ணாச்சி வே ஆனதும் பக்கத்துக் கடைக்காரர்கள் டீ கிளாஸோடு வெளியே வந்தார்கள். நாலு பேர் பார்த்தால் வியாபாரிக்குக் கை தானாகக் கல்லாவுக்குப் போகும்.

"எத்தனை போச்சு?"

"ஏழு அட்டை."

"கொள்முதல் விலைதான். லாபத்தச் சேத்துராத."

முட்டைக்கு அஞ்சரை ரூபாய் வீதம் எண்ணி வைத்தார். அவள் எடுத்து முடிந்துகொண்டாள். நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"ஒரு மணி நேரம் கடையச் சாத்தும். என் வண்டில ஏறும். அப்சல் முன்னால நின்னு, நான்தான் மாத்தினேன்னு உம்ம வாயால சொல்லும்."

ஆனந்தகுமார் முகம் சுருங்கியது. "அந்த ஊர்ல நாலு கடை எங்கிட்டச் சரக்கு எடுக்கு. அங்கன போயி டியூப்பு மாத்தினவன்னு பேரு வாங்கவா? ஒரு பேருக்கு என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். காலையிலதான் குடுத்துட்டு வாரேன்."

டீ குடித்தவர்களில் ஒருவருக்குப் புரையேறியது. ஆனந்தகுமார் இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டை மேஜையில் தள்ளினார். "இதயும் வச்சுக்கோ. பேச்சை முடி."

அவள் நோட்டைத் தொடவில்லை. ஸ்கூட்டரிலிருந்து தன் வாரை உருவினாள். பொம்மைப் பெட்டிகள் சரிந்து சாக்கடை ஓரத்தில் விழுந்தன. திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

முட்டை இருநூற்றுப் பத்து, ரூபாய் ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து: வந்தது. டியூப் வார் ஒன்று: வந்தது. பனவடலிசத்திரத்துக்கு ஆனந்தகுமார் வரவேண்டிய நடை ஒன்று: பாக்கி.