பாதியில் நின்ற குடும்பம்

ஜீவராணிக்கு அலுத்துப்போயிருந்தது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த பதிவு நிலையத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. 2004ஆம் ஆண்டு அது. தலைமுறைகளாக நாடற்றவர்களாக இருந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அத்தனையும் ஒரே பெரிய கணினியில் போய்ச் சேரும். அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆகவே தினமும் நகல் எடுத்தாக வேண்டும்.

நகல் எடுக்க நெடுநேரம் பிடிக்கும். அதற்குள் பிள்ளைகள் தட்டுவதில் பாதி ஏறும், பாதி ஏறாது. நகலின் தலை காலையில் கிடக்கும், வால் மத்தியானத்தில் கிடக்கும். அதுவரை வேலையை நிறுத்தச் சொல்லிப் பொறுப்பாளர் முத்துலிங்கத்திடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அவ்வளவு நேரம் நிப்பாட்டேலாது பிள்ளை. கொழும்பில இருந்து ஒவ்வொரு நாளும் கேக்கினம்" என்பார் யாழ்ப்பாணத்துக்காரரான அவர்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லாரும் ஒரு கணம் கையை எடுத்தால் போதும். அந்தக் கணத்தில் இருப்பதைக் கணினி அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அவர்கள் பாட்டுக்குத் தட்டலாம், பிடித்து வைத்ததிலிருந்து இவள் ஆற அமர நகல் எடுக்கலாம். மேசை மணி ஒன்று வாங்கி வைத்தாள்.

"இது நம்ம பெரட்டு. மணி அடிச்சா கைய எடுத்துடணும்" என்றாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். பெரட்டைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கொஞ்சம் பிந்தினாலும், இன்றைக்கு வேலை இல்லை, லயத்து வீட்டுக்கே போ என்று விரட்டப்பட்ட அம்மாக்களின் மகள்கள். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள். மணி அடித்ததும், தட்டிக்கொண்டிருந்த குடும்பத்தை நடுவிலேயே விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு மீதியைத் தட்டி முடித்தாலும், பிடித்து வைத்த நகலில் அந்தக் குடும்பம் பாதியாகவே நிற்கும். எடுத்ததை முடித்துவிட்டு நிறுத்துங்கள் என்று சொல்ல ஜீவராணிக்குத் தோன்றவேயில்லை.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெரிய கணினி படுத்தது. நகலைப் போட்டு மீட்டாள். முத்துலிங்கம் கூட "கெட்டிக்காரி" என்றார். நகலுக்குப் பிறகு ஏறியவை அதில் இல்லை. அப்படி விட்டுப்போனவற்றை மறுபடி தட்டும்போது, குடும்பத் தலைவரின் பெயர் திரையில் இருந்தால் அந்த விண்ணப்பத்தைப் பிள்ளைகள் ஒதுக்கி வைத்தார்கள். தலைவர் இருந்தால் குடும்பமும் இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

சான்றிதழ் கொடுக்கும் நாளில் லிந்துலையிலிருந்து ஆண்டியப்பனும் மனைவி அழகம்மாவும் வந்திருந்தார்கள். ஆண்டியப்பனைக் கூப்பிட்டார்கள். அழகம்மாவைக் கூப்பிடவேயில்லை.

தட்டுகிற பிள்ளைகளில் ஒருத்தியான பூரணியின் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, இவங்கள நான்தான் தட்டினேன். ஐயா பேரு முடிஞ்சு அம்மா பேரு தொடங்கறப்ப மணி அடிச்சிச்சு."

ஜீவராணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லை.

"அம்மா, தப்பு என்னோடதுங்க. அடுத்த தடவ ஒங்க பேரு வந்துரும். எப்பன்னுதான் சொல்ல முடியல" என்றாள்.

அழகம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "எங்க அண்ணன இந்தியாவுக்கு அனுப்புனப்பவும் இப்பிடித்தான் தாயி. அவரு பேரு இருந்துச்சு, எம்பேரு இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆண்டியப்பன் தன் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் காத்துக்கிடந்த தாள் அது. அதை மேசைமேல் ஜீவராணி பக்கம் தள்ளினார்.

"இத நீங்களே வச்சிக்கங்க. இவளோடது வர்றப்ப ரெண்டையும் சேத்துக் குடுங்க."

"ஐயா, ஒங்களோடதுல ஒரு தப்பும் இல்லீங்க."

"இவ பேரு இல்லாம நான் மட்டும் இங்க யாரு தாயி?" என்றார். மனைவியைக் கைபிடித்து எழுப்பி, பஸ்ஸுக்குக் கூட்டிப் போனார்.

அன்று நகல் எடுக்கும் நேரம் வந்தபோது ஜீவராணி மணியைத் தொடவில்லை. பூரணியின் பின்னால் போய் நின்றாள். அழகம்மாவின் பெயர் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கையில உள்ளத முடிங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள். "நான் நிக்கிறேன்."