பூட்டுப் போடாத பாட்டு

மிர்யா மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். இந்தப் பாட்டைக் கேட்க அனுமதி இல்லை என்றே இறுதிச்சடங்கு இல்லத்துக் கணினி எழுதிக் காட்டியது. பக்கத்து அறையில் அப்பா ஆர்வோ சாம்பல் நிறக் கோட்டோடு பெட்டிக்குள் கிடந்தார். ஹான்காக் ஊர்க்காரர்கள் வெளியே பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் காசு குடுத்து வாங்கின பாட்டுடீ," என்றாள் அம்மா ஐலி. "நான் பக்கத்துலதான் நின்னேன்."

"வாங்கினார்தாம்மா. பூட்டுப் போட்டு வித்திருக்காங்க. அவரோட ரகசியச் சொல்லப் போட்டாத்தான் வேற கணினியில பாடும்."

"என்ன சொல்லு அது?"

"அப்பாவுக்குத்தான் தெரியும்."

ஐலி கையுறையைக் கழற்றினாள். "என் பேரப் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"கல்யாண நாளு?"

"அதுவும் பாத்துட்டேன்."

ஐலி கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

ஊரில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களின் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் அப்பாவும் அம்மாவும் ஆடிய வால்ட்ஸ் நடனப் பாட்டு அது. அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டி வாசிக்கும் உள்ளூர்க் குழு ஒன்று வாசித்தது. அந்தக் குழுவே சொந்த இணையப் பக்கத்தில் பாட்டுகளை விற்பது மிர்யாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தேடிப் பிடித்து, தன் அட்டையில் பணம் கட்டி இறக்கினாள். அழுத்தியதும் அக்கார்டியன் மூச்சு இழுத்தது.

ஐலி திரையையே பார்த்திருந்தாள். "இதயும் பாடாதேன்னு நிறுத்திடுவாங்களா?"

"மாட்டாங்கம்மா. இதுக்குப் பூட்டே கிடையாது. குறுந்தட்டுல பதிச்சு கார்லகூடப் போட்டுக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம்."

"நானும் போயிட்டா?"

மிர்யா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"எங்கிட்ட இருக்கும்மா," என்றாள்.

"அப்ப ஒரு தட்டு எனக்குப் போட்டுக் குடு."

வழிபாட்டில் பாட்டு ஒலித்தபோது ஐலி அழவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்தவர்களுக்கெல்லாம் அவளே ஏலக்காய் ரொட்டி நறுக்கிக் கொடுத்தாள். "ஆர்வோ இருந்தா ரெண்டாவது துண்டு கேட்டிருப்பான்," என்றார் ஒரு கிழவர். "மூணாவதும்," என்றாள் ஐலி.

வீடு திரும்பியதும் மிச்சப் பலகாரத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள் மிர்யா. அம்மா இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து வால்ட்ஸ் மங்கலாகக் கேட்டது. முடிந்தது, திரும்பத் தொடங்கியது. முன்கண்ணாடியில் பனி விழுந்து அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்தது. அவள் துடைப்பானைப் போடவில்லை.

மிர்யா கூப்பிடாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.