நான்காம் நம்பர் ஃப்ரிட்ஜ்

குழந்தைகள் ஆஸ்பத்திரி லேபில் இருந்த நான்காம் நம்பர் ஃப்ரிட்ஜை மூன்று முறை பழுதுபார்த்தார்கள். மூன்று முறையும் அதில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே ஒரு குழந்தையின் ரத்தம் சூடாக இருந்தது, அவ்வளவுதான். மழை தொடங்கிய மாதத்தில் ஊரெங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்க்கொண்டிருந்தது. வந்தார்கள், ரத்தம் கொடுத்தார்கள், நான்காம் நாள் பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். மறுபடி பார்க்கத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று மிச்ச ரத்தத்தை டியூபோடு ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைப்பது லேபின் வழக்கம். அது நான்கு டிகிரியில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் டிகிரியைப் பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது டெக்னீஷியன் வேலை. பதினான்கு வருஷமாக அந்தத் தாளில் நான்கைத் தவிர வேறு எதையும் எழுதியிராதவள், ஒரு காலையில் பதினொன்று என்று கண்டதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினொன்றுதான்.

எட்டு டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டுப்போனதாகக் கணக்கு. அத்தனையையும் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிட வேண்டும். டெக்னீஷியன் விதி தப்பாதவள். கையில் இரட்டை உறை மாட்டிக்கொண்டு அறுபது டியூபை எறிந்தாள். மெக்கானிக் வந்து காஸ் ஏற்றினார். அடுத்த வாரமும் பதினொன்று. இன்னொரு அறுபது போயிற்று. மெக்கானிக் கதவு ரப்பரை மாற்றினார். மூன்றாம் வாரமும் அதேதான். மெக்கானிக் மோட்டாரையே மாற்றிவிட்டு, இந்தப் பெட்டி தன் மானத்தை வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் பைகளைச் சுமந்தவர் மட்டும், பை என்ன இப்படிக் கதகதவென்று இருக்கிறது என்று கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் வாரம் பிள்ளைகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். இந்த முறை தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு பழம்போலச் சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இருதயம் தளர்ந்து துடித்தது. காய்ச்சல் போய்விட்டது, வைரஸ் போய்விட்டது, ஆனால் அதை விரட்டக் கிளம்பிய உடம்பு நிற்க மறந்து தன்னையே அடித்துக்கொள்கிறது என்று பெரிய டாக்டர் விளக்கினார். எந்தப் பிள்ளைக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்றும் சொன்னார். அதே நாள் மெக்கானிக் நான்காம் முறையாக வந்து, எரிச்சலில் தட்டுகளையெல்லாம் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வெறுங்கையை ஃப்ரிட்ஜின் அடிமூலைக்குள் விட்டார். முதல் வாரத்து டியூப் ஒன்று அங்கே சிக்கிக் கிடந்தது.

"அக்கா, பெட்டி மேல தப்பே இல்ல. இதப் புடிச்சுப் பாருங்க, சுடுது" என்றார்.

அவள் உறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள். உள்ளங்கை பொறுக்கமுடியாத சூடு. டியூபில் ஒட்டியிருந்த பெயர், முந்தின நாள் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பையனுடையது. மூன்றாம் நாள் அந்த டியூபை அவள் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அது சில்லென்று ஆறிப்போனது. சற்று நேரத்தில் மாடியிலிருந்து அழுகுரல் கேட்டது.

எறிந்தவை மொத்தம் நூற்றெண்பது. ஒவ்வொன்றும் எரிந்து சாம்பலாகிவிட்டது. பெயர்கள் மட்டும், எறிந்தபோது அவள் எழுதிவைத்த தாளில் இருந்தன. அவள் தாளைப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் வாரத்துப் பட்டியலில், நாற்பத்திரண்டாவதாக, அவள் கையெழுத்திலேயே அவள் மகளின் பெயர் இருந்தது. ஏழு வயது. காய்ச்சல் வந்து போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அவள் கையாலேயே எறிந்திருந்தாள். உறை இல்லாமல் எறிந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு அவளை அதன் பிறகு ஒருநாளும் விடவில்லை.

அன்று சாயங்காலமே மகளின் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள். பிள்ளை கயிறு தாண்டுவதை நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டியது. விடிவதற்குள் டியூப் சுட்டது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனாள். அவர் எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டினார்.

"எல்லாம் நார்மலா இருக்கேம்மா. என்ன காரணம்னு எழுதி அட்மிட் பண்றது?"

"சுடுதுன்னு எழுதுங்க சார்."

அவர் டியூபைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் படித்ததெல்லாம் ஒரு பக்கம், விரல் சுட்டது ஒரு பக்கம். கடைசியில் அப்படியே எழுதினார். வீட்டில் கணவன் குதித்தான். "ஆடிட்டிருக்கிற புள்ளையக் கொண்டுபோய் நோயாளி ஆக்குறியா? உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு!" அவள் துணிப்பையில் பிள்ளையின் உடுப்பையும் கயிற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மற்ற வீடுகளுக்கும் ஆள் போயிற்று. நூற்று முப்பது பிள்ளைகள் வந்து மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். டெக்னீஷியனின் மகளுடையதோடு சேர்த்து ஒன்பது சுட்டது. மிச்சம் பேருடைய பெற்றோர், நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்குக் குத்த வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை, நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். அந்த வீடுகளிலிருந்து ஐந்து பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். மூன்று பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை.

டெக்னீஷியனின் மகள் பத்து நாள் கட்டிலில் சும்மா உட்கார்ந்து சுவரில் படம் வரைந்தாள். எதற்கு வந்தோம் என்று தினமும் கேட்டாள். காய்ச்சல் போன இருபத்தாறாம் நாள் மத்தியானம், வரைந்துகொண்டிருந்தபோதே கண் சிவந்தது. மருந்து பக்கத்திலேயே தயாராக இருந்ததால் உடனே ஏற்றினார்கள். இருதயம் நிற்கப் பார்த்தது, நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனாள். மற்ற எட்டுப் பேரின் டியூபும் பிள்ளைகள் முழுசாகக் குணமான அன்று ஆறின. டியூப் ஆற இரண்டே காரணம் உண்டு என்பது அதற்குள் லேபில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இவள் டியூப் மட்டும் ஆறவில்லை. சூடு தணிந்து வெதுவெதுப்பில் நின்றுவிட்டது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எந்தக் காய்ச்சல் வந்தாலும் டியூபை வெறுங்கையால் தொட்டுப் பார்ப்பது விதியாகிவிட்டது. அதற்கென்று வியாழக்கிழமைகளில் மெக்கானிக் வருகிறார். அவர் கைக்குத் தெரிவது எந்த மிஷினுக்கும் தெரிவதில்லை. மகளுக்குப் பதின்மூன்று வயது. படியேறும்போது நடுவில் ஒருமுறை நிற்பாள். கயிறு தாண்டுவதில்லை. அவள் டியூப் நான்காம் நம்பர் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கிறது. அதனால் அந்தப் பெட்டி ஆறு டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்: நான்காம் நம்பர் ஆறு காட்டினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான்கு காட்டினால் எதையும் தொடக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, அக்காவைக் கூப்பிட வேண்டும். அவள் முதலில் வீட்டுக்குப் போன் செய்துவிட்டுத்தான் தாளில் எழுதுவாள்.

இன்று காலை ஆறு டிகிரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போனாள்.