எதிரே வருகிறவன்

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன், நூல் மில்லின் ஷெட் வாசலில் வைத்து மரிய ஜெரால்டு ஒச்சம்மாளிடம், "இன்னைக்கு மூணாம் மெஷினப் பாத்துக்கிறீகளா?" என்று கேட்டான். அந்த ‘றீக’வில் ஆரம்பித்தது வினை.

தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் பாதியில் கையை நிறுத்தினாள். ஜெரால்டு சூப்பர்வைசராக வந்த நாளிலிருந்து அவளை ‘ஏ ஒச்சு’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அவள் தன்னைவிட மூத்தவள் என்பது அவனுக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

"என்ன சார், புதுசா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீங்க நல்லா வேல பாக்குறீக. அதச் சொல்லணும்னு தோணுச்சு."

ஒச்சம்மாளின் முகம் சுண்டிப்போனது. ஜெரால்டு அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவளைத் தேடிப் போனான்.

அவனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. போன மாதம் ஒக்கூர்ப் பெண் அன்னக்கிளி, உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தபோது இவன் போய்த் தோளில் தட்டிச் சத்தம் போட்டான். அவள் துள்ளினாள். கை உருளைக்குள் போய் ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அதிலிருந்து இவன் ஷிப்டுக்கு வர மற்ற பெண்களும் முகத்தைச் சுளித்தார்கள். மேனேஜர் நாச்சியப்பன் சுற்றி வளைக்கவில்லை.

"கை ஆறினதும் அந்தப் புள்ள வரும். உன் ஷிப்டு வேணாம்னு அது சொல்லிருச்சுன்னா அத்தன பேரும் சொல்லிருவாக. அப்புறம் நீ வேஸ்ட் குடோன்ல பஞ்சு மூட்டைக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். பாத்துக்க."

கூடவே மதுரைக்கு ஒரு பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார். அந்த வருஷம், தொண்ணூற்றாறில், மில் முதலாளிகளுக்கு மூளை என்ற ஒன்று இருப்பது புதிதாகத் தெரியவந்திருந்தது.

ஓட்டல் ஹாலில் ஒரு பேராசிரியர் பிளாஸ்டிக் மூளையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பாதாம் பருப்பு அளவில் ஒரு துண்டு. பயம் அங்கேதான் இருக்கிறதாம். ஆபத்து என்றால் முதலில் துள்ளுவது உடம்பு. யோசிக்கிற மூளை பிறகுதான் வந்து சேரும் என்றார். பயந்த மூளை வேலை பார்க்காது, ஆகவே ஆட்களின் பயத்தைக் குறைப்பவனே தலைவன். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பாராட்டுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். ஜெரால்டுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வகுப்பு முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்து நாற்காலிக்காரர் தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஆனாலும் சொன்னதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டான். குடோனின் பஞ்சுத் தூசி நினைப்பிலேயே தொண்டையை அடைத்தது.

பேராசிரியருக்குத் தெரியாத ஒன்று இந்த அமராவதிபுதூர் ரோட்டு மில்லில் இருந்தது. பழைய மெஷின்களை இரும்புக்குப் போட்ட சமயம் நாச்சியப்பன் ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, ‘உக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா’ என்று கேட்டார். நல்ல வேலைக்காரர் என்று வாய் நிறையப் புகழ்ந்தார். காப்பி குடித்தவர்கள் யாரும் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அன்றிலிருந்து அங்கே வேலை போவதற்குப் பேரே காப்பி குடிப்பது. திட்டு வாங்கியவன் நிம்மதியாகத் தூங்கினான். மரியாதை கிடைத்தவனுக்குத் தூக்கம் போனது. ஜெரால்டு அதற்குப் பின்னால் வேலைக்கு வந்தவன். அவனிடம் யாரும் இதைச் சொன்னதில்லை.

அவன் விடவில்லை. செவ்வாய்க்கிழமை, மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் பொன்னழகுவிடம், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காகளா?" என்று விசாரித்தான்.

"இருக்காக சார். ஏன், அவுகளுக்கும் சேத்தா காப்பி?" என்று பொன்னழகு கேட்டான். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூட்டமாக மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார்கள். ஒச்சம்மாள்தான் முன்னால்.

"யார் யார அனுப்பப் போறீகன்னு இப்பவே சொல்லிப்புடுங்க சார். தெனம் ஒருத்தருக்கு மரியாத குடுத்துக் கொல்லாதீக."

நாச்சியப்பனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் யாரையும் அனுப்பவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, ஜெரால்டை உள்ளே கூப்பிட்டார்.

"மூளையப் பத்திப் படிச்சுட்டு வாய்யான்னு அனுப்புனா, இருந்ததையும் மதுரையிலயே வச்சுட்டு வந்துட்டியா?"

"மரியாதையாப் பேசச் சொன்னாக சார்."

"உன்ன யாரு பேசச் சொன்னது? சனிக்கிழமை அந்தப் புள்ள வருது. அதுவரைக்கும் வாயத் தொறக்காத, போ."

ஜெரால்டு ஷெட்டுக்குத் திரும்பினான். திட்டினாலும் தப்பு, புகழ்ந்தாலும் தப்பு. இனி எதைத்தான் மாற்றுவது? இரண்டு மெஷின்களுக்கு நடுவில் நின்று, ஓடுகிற நூலைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து தோளில் ஒரு அடி விழுந்தது.

ஜெரால்டு துள்ளிவிட்டான். முழங்கை மெஷின் இரும்பில் மோதியது. திரும்பினால் நாச்சியப்பன். அவர் வாய் அசைந்தது, கை ஏதோ ஒரு பக்கம் காட்டியது. மெஷின் இரைச்சலில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அவர் காட்டிய பக்கம் பார்த்துத் தலையாட்டினான். அவர் நகர்ந்ததும் மோதிய முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அங்கேயே நின்றான். அன்றைக்கு அன்னக்கிளியிடம் தான் என்ன கத்தினோம் என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. வந்தாலும் பிரயோசனமில்லை, அவளுக்கு அது கேட்டிருக்காது. இந்த ஷெட்டில் யாருக்கும் எதுவும் கேட்காது. அவளுக்குக் கிடைத்தது முதுகுப்பக்கம் திடீரென்று வந்து விழுந்த ஒரு கை மட்டும். அசந்திருக்கும்போது பிடிக்க வேண்டும் என்று, முதல் நாளிலிருந்தே அவன் பின்னால் வந்துதான் பழகியிருந்தான். வாயைத் திருத்துவதற்கு மதுரை வரை போனவன் காலைத் திருத்தவில்லை.

மறுநாள் முதல் மெஷின்களின் கோடி வரைக்கும் போய்ச் சுற்றி, வேலை பார்ப்பவள் கண்ணில் படும்படி எதிரே வந்தான். தூரத்திலேயே கையைத் தூக்கினான். அவள் தலையாட்டிய பிறகே பக்கத்தில் போனான். அது அவன் உடம்புக்கு ஒத்துவரவில்லை. நாலு எட்டில் போகிற இடத்துக்கு ஷெட்டையே வலம் வரவேண்டியிருந்தது. கால்கள் குறுக்கே பாயத் துடித்தன. ஒரு முறை பாய்ந்தேவிட்டான். நடுவில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தான். பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தேரு எந்த வீதில வருது?" என்று டீக்கடையில் பொன்னழகு கேட்டது அவன் காதிலும் விழுந்தது.

சனிக்கிழமை காலை அன்னக்கிளி மில் வேனில் வந்து இறங்கினாள். நாச்சியப்பன் அறை வாசலில் வைத்தே கேட்டார்.

"எந்த ஷிப்டும்மா வேணும்?"

அவள் ஜெரால்டைப் பார்க்கவில்லை. ஒச்சம்மாளைப் பார்த்தாள்.

"இன்னும் பின்னாடியேதான் வர்றாகளா அக்கா?"

"இல்லடி. இப்ப ஊரச் சுத்திக்கிட்டு முன்னாடி வர்றாரு. கையத் தூக்கிக்கிட்டு வேற வர்றாரு, ஓட்டுக் கேக்க வர்ற மாதிரி."

அன்னக்கிளி சிரிக்கவில்லை. ஜெரால்டின் கால் ஆடத் தொடங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தால் எது வந்தாலும் கெடுதல்தான் என்று பேசாமல் நின்றான்.

"இன்னைக்கு நிக்கிறேன் சார்" என்றாள் அவள், மேனேஜரிடம். "ஒரு தடவ பின்னாடி வந்தாகன்னா அந்த நிமிசமே எறங்கிப் போயிருவேன். அப்புறம் கூப்பிடாதீக."

மதியத்துக்கு முன் அது நடந்தது. ஜெரால்டு நின்ற இடத்திலிருந்து அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் ஒரு நூலை முடிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், இவன் நின்ற கோடியில், பஞ்சு உருளையில் சுற்ற ஆரம்பித்திருந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை. விட்டால் பருத்துக்கொண்டே போகும், பக்கத்து நூல்களையும் இழுக்கும், பிறகு மெஷினையே நிறுத்த வேண்டியிருக்கும். ஷெட் வாசலில் நாச்சியப்பன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அந்தச் சுற்றலைப் பார்த்துவிட்டார். போய்யா என்று கையை வீசினார்.

நேரே போனால் பத்தடி. ஆனால் அது அவள் முதுகுப் பக்கம்.

ஜெரால்டு திரும்பி, எதிர்ப்பக்கம் நடந்தான். நாச்சியப்பன் கண்களை உருட்டுவது தெரிந்தது. ஓடவும் முடியாது, ஓடுகிற ஆளைக் கண்டாலே துள்ளுவாள். ஒரு மெஷினின் நீளம் முழுக்க நடந்து, வளைந்து, அவள் நிற்கும் சந்துக்குள் மறு கோடியிலிருந்து நுழைந்தான். அதற்குள் உருளையில் பஞ்சு முஷ்டியளவு திரண்டிருந்தது. நாலைந்து நூல் அறுந்து பறந்துகொண்டிருந்தது. குடோன் என்று மனம் சொல்லியது. நடந்தான். கையைத் தூக்கினான்.

அன்னக்கிளி நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் விரல் காட்டிய திசையில் திரும்பினாள். மெஷினை நிறுத்திவிட்டு, கட்டுப்போட்ட விரலைத் தனியே தூக்கிப் பிடித்தபடி, மற்ற விரல்களால் பஞ்சை அறுத்து எடுக்கத் தொடங்கினாள். அவசரப்படவில்லை.

வாசலில் நாச்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். வீணான பஞ்சுக்கு அவர் கணக்குக் கேட்பார். கேட்கட்டும். ஜெரால்டு அவள் எதிரில், அவளுக்குத் தெரிகிற இடத்தில், காலை ஆட்டிக்கொண்டு நின்றான். அவள் வேலையை முடித்து, மெஷினைப் போட்டு, அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு அடுத்த நூலுக்குப் போனாள்.