ஒரு விரல் ஆழம்

தங்கைக்கு நல்ல செய்தியை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் அவள் செய்வது கண்ணுக்கே தெரியாத பாலிமர் துகள்கள். ஊசியில் ஏற்றினால் ரத்தத்தோடு போய்ப் புற்றுநோய்க் கட்டியில் சேரும். கேமராவில் கட்டி பளிச்சென்று தெரியும். அங்கே லேசரைப் பிடித்தால் துகள்கள் சூடேறிக் கட்டியைப் பொசுக்கிவிடும். முதல் எலி பிழைத்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் படம் காட்டினாள். "கட்டி இருந்த இடமே தெரியல பாரு!"

அக்காவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு கீமோ ஊசிக்கே முடி கொட்டி, சோறு இறங்காமல் துரும்பாகிப் போனாள். மூன்றாவதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். "என் தங்கச்சி மருந்து வரட்டும்." அவள் கணவர் சொல்லிப் பார்த்தார், டாக்டர் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் கணவரே தங்கைக்குப் போன் செய்தார். "நீ வந்து சொன்னாதாம்மா கேப்பா."

போனதும் அக்கா கையை நீட்டினாள். "ஒரு சின்ன பாட்டில் எடுத்துட்டு வந்தா குறைஞ்சா போயிடுவ? திருட்டுப் பட்டம் என் தலையில இருக்கட்டும்."

வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சை விட்டுவிட்டுத் தங்கை போனின் டார்ச்சைப் போட்டு அக்காவின் விரலுக்கு அடியில் பிடித்தாள். விரல் சிவப்பாக ஒளிர்ந்தது. பிறகு அதையே அக்காவின் வயிற்றில் வைத்தாள். வைத்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் சிவந்ததோடு சரி.

"லேசர் இதைவிடக் கொஞ்சம் ஆழம் போகும்க்கா. அவ்வளவுதான். எலிக்குக் கட்டி தோலுக்கு அடியிலயே இருந்துச்சு. அதுவும் நாங்களே வெச்ச கட்டி. உனக்கு உள்ள ஆழத்துல, முதுகை ஒட்டி இருக்கு."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அன்றைக்குத் தங்கைக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. தங்கை தேம்பித் தேம்பி அழுதாள்.

அக்கா டார்ச்சை வாங்கி வயிற்றின் மேல் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தாள்.

"சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடுவோமே. நான் உள்ள போய் உக்காந்துட்டா உன்னால கண்டுபிடிக்கவே முடியாது. இப்படித்தான் அழுதுட்டு நிப்ப. பாவம்னு நானே வெளிய வந்துடுவேன்." டார்ச்சை அணைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்த வாட்டி வர முடியுமான்னு தெரியலடி. நாளைக்கு மூணாவது ஊசிக்கு நீயே கூட்டிட்டுப் போ."