தாய்மாமன் வண்டிக்கு ஒரு கால்

விக்னேஷ்குமார் பழனி ரோட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வாசலில் வந்து இறங்கிய அக்காள் நாகஜோதியைப் பார்த்து அவன் முதலில் சொன்னது ‘வா’ என்ற சொல் இல்லை, கண்ணுகளா. அவள் புருஷன் சோலைமுத்துவிடம் குனிந்து, “மச்சான், இந்த வண்டியப் பின்னாடி சமையல் சாமான் எறக்குற எடத்துல போட்டுட்டு வாங்க. ட்ரோன் பறக்குது, வீடியோவுல விழும்” என்றான்.

வாசலில் அவனுடைய வண்டி மட்டும் நின்றது. வெளிநாட்டுக் கம்பெனிக் கார், நல்ல கறுப்பு, மூக்கில் வெள்ளி முத்திரை. சோலைமுத்துவினுடையது தோட்டத்தில் வெண்டையும் முருங்கையும் போட்டு, அந்தக் காசில் எடுத்த வண்டி. தெருவுக்கு ஒன்று நிற்குமே, அந்த மாதிரி. அவர் அண்டாக்களுக்கு நடுவில் வண்டியை விட்டுவிட்டு வந்து, இலையை விட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டார். திரும்பும்போது சாவியை மனைவியிடம் நீட்டி, “நீயே ஓட்டு” என்றார். அதன்பிறகு அந்த வண்டியில் அவர் ஏறவே இல்லை. சொந்த ஊரான சித்தையன்கோட்டையிலிருந்து எங்கே போனாலும் பஸ்தான்.

புருஷன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நாகஜோதிக்குத் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. அதே மாதிரி நாலு பேர் முன்னால் தம்பி தலை குனிய வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் நாகல் நகரில் சேவியரின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டாள். பக்கத்தில் தம்பி வண்டி மாதிரியே ஒன்று தூக்கி நிறுத்தியிருந்தது. இரண்டின் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்ன சேவியரு, அடில ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கு?”

“ஒண்ணுதான்க்கா. ரெண்டும் ஒரே குடும்பத்துக் கம்பெனி. அடிச்சட்டத்த ஒருக்கா செஞ்சு, மேல சட்டையத்தான் மாத்தி மாட்டுறான். சக்கரத்தத் தாங்குற லோயர் ஆர்மக்கூட இதுல கழட்டி அதுல போடலாம்.”

“அப்ப எதுக்கு மூணு மடங்கு வெல?”

“சீட்டு நல்லாருக்கும். உள்ள சத்தம் வராது. இன்ஜின் பெருசு. மிச்சம் அந்த மூக்குல இருக்குற முத்திரைக்கு.”

நாகஜோதி வீடு வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

அந்த வருஷமே வயசுக்கு வந்த மகள் தீபாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீரோடு வந்து மாலை போட்டால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு தன் வண்டியில்தான் வருவேன் என்று விக்னேஷ்குமார் சொல்லியிருந்தான். தொழில் கூட்டாளிகளை எல்லாம் மண்டபத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தான்.

மேளக்காரர்கள் காத்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. வந்த வேகத்தில் ஏறி இறங்கியதும் முன்சக்கரம் முடவன் கால் மாதிரி மடங்கிவிட்டது. அக்காளுக்குப் போன் வந்தது.

“அக்கா, ஆர்ம் ஒடஞ்சிருச்சு. கம்பெனில கேட்டா வெளிநாட்டுல இருந்து வரணுங்கிறான்.”

நாகஜோதி தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். விருந்தாளியாக வந்திருந்த சேவியரையும் ஏற்றிக்கொண்டாள்.

“ஏறுடா இதுல. பிள்ள காத்துக்கிட்டு இருக்கா.”

அவன் அவள் வண்டியைப் பார்த்தான். “அம்புட்டுப் பேரு முன்னாடி இதுல வந்து எறங்கச் சொல்றியாக்கா?”

அவள் சேவியர் பக்கம் திரும்பினாள். “என் வண்டியோட ஆர்ம, அந்தக் காலக் கழட்டி அதுல மாட்டு.”

“என்னக்கா வெளையாடுற?” விக்னேஷ்குமாரின் முகம் வெளுத்தது. “அது சேருமா?”

“கச்சிதமா சேரும். ரெண்டுக்கும் ஒரே காலுனா எதுக்குடா அம்புட்டுக் குடுத்து வாங்குன?”

“அடில இருக்கிறதுக்கா குடுத்தேன்? பாக்குறவன் ஒதுங்கி நிக்கிறதுக்குக் குடுத்தேன்.”

“அதான் நிக்கிறாங்களே, ஒதுங்கி.”

மேளக்காரர்கள் ரோட்டோரம் ஒதுங்கி நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சேவியர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு வண்டிக்கும் அடியில் மாறிமாறிப் புகுந்து வேலையை முடித்தான். நாகஜோதியின் வண்டி ஜாக்கியில் ஒருக்களித்து நின்றது. கறுப்பு வண்டி மேளத்தோடு மண்டபம் சேர்ந்தது. மாமன் மாலை போட்டான், தீபா மணையில் உட்கார்ந்தாள்.

அடுத்து மாமனுக்குப் பதில் மரியாதை. அதை மைக்கில் சொல்லிச் செய்வதுதானே வழக்கம்? மைக் பிடித்திருந்த இனிகோவின் காதில் நாகஜோதி ஏதோ சொன்னாள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினான்.

“தாய்மாமன் விக்னேஷ்குமார் அவர்களுக்கு, சோலைமுத்து நாகஜோதி தம்பதியர் அன்போடு செய்யும் மரியாதை. பட்டு வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, தங்கள் காரிலிருந்து கழற்றிய முன்கால் ஒன்று! அந்தக் காலில்தான் மாமன் வண்டி இப்போது வாசலில் நிற்கிறது!”

மண்டபத்தில் பந்தி வரைக்கும் சிரிப்பு ஓடியது. கூட்டாளிகளில் ஒருவர், “அப்ப நம்ம வீட்டுச் சின்ன வண்டியும் இதும் ஒண்ணுதானய்யா!” என்று எழுந்து, வாசலுக்கே போய்க் குனிந்து பார்த்தார். விக்னேஷ்குமார் வேட்டியையும் துண்டையும் வாங்கிய கையோடு, சாப்பிடாமல் கிளம்பினான்.

“போதுமாடி?” என்று கேட்டார் சோலைமுத்து.

“பத்தல” என்றாள் நாகஜோதி.

அவள் வண்டிக்கு வேறு ஆர்ம் மறுநாளே மதுரையிலிருந்து வந்துவிட்டது. தன் கம்பெனி முத்திரை போட்டதுதான் வேண்டும் என்று நின்ற விக்னேஷ்குமாருக்கு வர மாசக்கணக்கானது. அதுவரைக்கும் அக்காள் கொடுத்த காலில்தான் ஓட்டினான். புதுசு வந்ததும், பழையதைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி டிரைவர் சார்லஸிடம் கொடுத்தனுப்பினான்.

நாகஜோதி சார்லஸுக்கு மோரும் முறுக்கும் கொடுத்தாள். சாக்கைத் தொடவில்லை.

“சபையில செஞ்ச மரியாதய்யா அது. நான் திருப்பி வாங்குனா உறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். அக்கா வேணாம்னு அவனையே வந்து வாயால சொல்லச் சொல்லு, வாங்கிக்கிறேன்.”

சாக்கு சார்லஸோடு திரும்பிப் போனது; விக்னேஷ்குமார் வரவில்லை. எப்படி வருவான், பாவம்? அக்காள் செய்த மரியாதையைப் பழைய இரும்புக்குப் போடவும், பின்கட்டில் தள்ளவும் அவன் பெண்டாட்டி விடவில்லை, குடும்பத்துக்கு ஆகாதாம். பழனி ரோட்டு வீட்டில், வெள்ளைப் பளிங்குத் தரை ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில் அந்தச் சாக்கு இன்றைக்கும் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்கிறார்களாம்.