தினமும் கரையேறிய கண்ணாடி

கஸ்தூரியம்மாளுக்குச் சந்தேகம் வரக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஆள் எதிரே இருந்தால் போதும். ஐஸ்காரன் பாதிப் பெட்டிக்குத் தண்ணீரை விற்கிறான் என்பாள். பொன்னேரி டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால், "வலி வயித்துல, நாக்குல இன்னாத்த தேடறாரு?" என்று எழுந்து வந்துவிடுவாள். ஊரில் அவள் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் சொல்லும் சந்தேகத்தில் எதை நம்புவது?

அவள் ஊர் ஓடைமுனைக்குப்பம். பழவேற்காடு ஏரிக்கு நடுவே, நாலு பக்கமும் தண்ணீராகக் கிடக்கும் மேடு. அரிசி, வாத்தியார், தேர்தல், எதுவானாலும் படகில் வந்து இறங்கினால்தான் உண்டு.

அந்த ஊரில், பூநாரை பார்க்க வரும் பட்டணத்துக்காரர்களுக்கு இறால் வறுத்துப் போட ஓர் உணவகம் எழும்பிக்கொண்டிருந்தது. ஊர்ச் சபையின் சொத்து. சபைத் தலைவர் திருவேங்கடம் அதை உணவகம் என்று சொல்லமாட்டார். "நமது கனவுத் திட்டம்" என்பார். கனவு கண்டது அவர், மணல் சுமந்தது மற்றவர்கள்.

கீழே சமையல்கட்டு, மேலே சாப்பாட்டுக் கூடம், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. படியேறும்போதே வாடிக்கையாளருக்கு எச்சில் ஊறவேண்டும் என்று, படிக்கட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்கச் சொன்னதும் கனவு கண்டவர்தான். வரைபடத்தைப் பார்த்த தீயணைப்பு அதிகாரி, சாதாரணக் கண்ணாடி கூடாது, இரண்டு மணி நேரம் தீயைத் தாங்குகிற கண்ணாடி போட்டால்தான் அனுமதி என்றார். ஏன் என்றும் சொன்னார். எண்ணெய் பற்றிக்கொண்டால் சாதாரணக் கண்ணாடி சில நிமிஷத்தில் வெடித்துக் கொட்டிவிடும். அப்புறம் அது படிக்கட்டு இல்லை, புகைபோக்கி. மேலே இருக்கிறவர்கள் மேலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

சபையில் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கஸ்தூரியம்மாளால் முடியவில்லை. சமையலுக்குப் பொறுப்பு அவள். மேலே பரிமாறப் போவது அவள் மகள் பானுப்ரியா. அம்மா பற்றவைக்கும் அடுப்புக்கு நேர் மேலே மகள் நடமாடுவாள்.

கண்ணாடி போட வந்தவர் சிவசங்கர். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயர் ஒரு வரி, பெருமை நாலு வரி. மரம் இல்லாத தீவில் தலையில் என்ன விழும் என்று பயந்தாரோ, மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை.

"இத கண்ணாடின்னு சொல்லாதீங்க. இது ஒரு சிஸ்டம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இன்னா சொல்லுதுன்னா..." என்று அவர் ஆரம்பித்ததும், திருவேங்கடம் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டார்.

வருகிற கண்ணாடியை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி வந்தது. தலைவர் தன் மைத்துனன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"ஒருத்தனையே நிக்க வெச்சா அவன வாங்கிடுவாங்க," என்று கஸ்தூரியம்மாள் முந்திக்கொண்டாள். "ஏரில வல கட்டறதுக்குச் சீட்டு குலுக்கி, ஆளுக்கொரு நாளுன்னு பாடு பிரிக்கிறோம் இல்ல? அதே மாரி பிரிங்க. தெனம் ஒரு வீடு. எத்தினி பேரத்தான் வாங்குவான்?"

யாருக்கும் யார்மீதும் நம்பிக்கை இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கனமான சரக்கு, ஒரு நடைக்கு ஒன்றுதான் படகு தாங்கும், ஒரு நாளைக்கு ஒரு கண்ணாடி என்றார் சிவசங்கர். பாடு ஏற்பாட்டைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "வெரி டெமாக்ரடிக்!" என்று கைதட்டினார். அந்தக் கைதட்டலை மட்டும் கஸ்தூரியம்மாள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். தன்மேல் காவல் போட்டதற்கு ஒருவன் ஏன் சந்தோஷப்படவேண்டும்?

அன்றிலிருந்து தினமும் காலையில் படகு வரும். மரப்பெட்டியிலிருந்து நாலு பேர் துண்டு சுற்றிய கைகளால் கண்ணாடியைத் தூக்கிக் கரையில் இறக்குவார்கள். தீயைத் தாங்கும் என்று மூலையில் பொறித்த முத்திரையை, அன்றைக்குப் பாடு விழுந்தவர் தடவிப் பார்த்துச் சரி என்பார். மீன் கரைக்கு வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பழகிய ஊர். திரும்பிப் போகும் படகை இங்கே யார் பார்த்தார்கள்?

கஸ்தூரியம்மாளின் பாடு வந்தது. முத்திரையை நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"இன்னாம்மா, பாத்திரமா தேய்க்கிற?" என்றார் சிவசங்கர். "அது கண்ணாடிக்குள்ளயே பொறிச்சது. அழியாது."

அசல்தான். ஆனால் இறக்கியது அசல் என்றால் மாட்டுவதும் அசலா? அவர் போன் பேசத் திரும்பிய நேரம், தன் மீன் பெட்டிகளில் போடும் அடையாளத்தை, இரண்டு கோடும் ஒரு புள்ளியும், சிவப்பு மார்க்கரால் கண்ணாடியின் ஓரத்தில் போட்டாள். மார்க்கர் எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

சாயந்திரம் உள்ளே போய்ப் பார்த்தாள். மாட்டிய கண்ணாடிகள் எல்லாவற்றின்மேலும் நீலத் தாள் ஒட்டியிருந்தது.

"தொடாதீங்க! பசை காயணும். தொட்டா வாரன்ட்டி போயிடும்."

"நெருப்புக்குப் பயப்படாத கண்ணாடி என் வெரலுக்குப் பயப்படுதா சார்?"

அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டில் பானுப்ரியா சிரித்தாள். "ஏம்மா, அவுரயும் உட மாட்டியா? இந்த வேலையாவது எனக்கு நிக்கட்டுமே!"

மறுநாள் பாடு கஸ்தூரியம்மாளின் ஓரகத்தி திரௌபதியுடையது. இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் ஒருநாள் பேசாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. கரையிலிருந்து திரும்பிய திரௌபதி வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"யக்கா, உனக்கே இது ஓவரா தெரியல? மீன் பொட்டி, பக்கெட்டு, துடைப்பம், எல்லாத்துலயும் உன் கோடு போட்டுக்குவ. மீஞ்சூர் கம்பெனிலருந்து இன்னைக்கு வந்து எறங்கற கண்ணாடிலகூடவா? எப்ப போய் போட்ட, மீஞ்சூருக்கா?"

இறால் உரித்துக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாளின் கை நின்றது.

"இன்னைக்கு வந்ததுலயா?"

"ஆமா, இன்னைக்கு வந்ததுலதான்."

"ரெண்டு கோடு, ஒரு புள்ளி?"

"உன் மூஞ்சி மாரியே."

நேற்று தன் கண்ணெதிரில் கரையேறிய கண்ணாடி இன்று மறுபடியும் கரையேறியிருக்கிறது. அப்படியானால் ஊருக்கு வந்தது ஒரே கண்ணாடி. அது தினமும் பெட்டிக்குள் படுத்துத் திரும்பிப் போய், மறுநாள் புதுமாப்பிள்ளைபோல் வந்து இறங்குகிறது. தினமும் வேறு ஆள் பார்த்ததால் யாருக்கும் அது பழைய முகமில்லை. ஒருவனே நின்றிருந்தால் இரண்டாம் நாளே கண்டுபிடித்திருப்பான். அவன்மேல் நம்பிக்கை வைக்காதே என்று சொன்னது யார் என்பதும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாடி, படகு போறதுக்குள்ள."

படகில் மரப்பெட்டியை ஏற்றி முடித்திருந்தார்கள். கஸ்தூரியம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"யம்மா, அது காலிப் பொட்டி. ரிட்டர்ன் போவுது," என்று ஓடிவந்தார் சிவசங்கர்.

"காலிப் பொட்டிய ஏத்த எதுக்கு சார் நாலு ஆளு மூச்சு வாங்கறான்?"

கூட்டம் கூடிவிட்டது. திரௌபதிதான் மூடியை நெம்பினாள். உள்ளே வைக்கோலுக்கு நடுவே கண்ணாடி. ஓரத்தில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும்.

"அது ரெஃபரன்ஸ் பீஸ்," என்றார் சிவசங்கர். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கட்டடத்துக்கு ஓடினார்கள். நீலத் தாளைக் கிழித்து, மாட்டியிருந்த கண்ணாடியின் முத்திரையில் கஸ்தூரியம்மாள் நகம் வைத்தாள். ஆப்பிள் பழத்து ஸ்டிக்கர்போல உரிந்து கையோடு வந்தது. இந்தக் கண்ணாடிகள் எல்லாம் சிமெண்ட் மூட்டைகளோடு எப்போதோ வந்து இறங்கியவை. சிமெண்டுக்கு யாரும் பாடு பிரிக்கவில்லை.

திருவேங்கடம் நெற்றியைத் துடைத்தார். திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது. அதில் அவர் படம் கட்டடத்தைவிடப் பெரிது.

"உணர்ச்சிவசப்படக் கூடாது," என்று ஆரம்பித்தார். "கைவசம் ஒண்ணு அசல் கீதே. அத முன்னால மாட்டி அதிகாரிக்குக் காட்டிடுவோம். மத்தத அப்பறம் மாத்திக்கலாம். சுத்தி தண்ணியா கீற ஊர்ல தீ எங்கருந்துப்பா வரும்?"

நாலைந்து தலைகள் ஆடின. விழாவுக்கு வேட்டி எடுத்த தலைகள்.

கஸ்தூரியம்மாள் சண்டை போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் சமையல்கட்டுக்குள் போய்ப் பெரிய வாணலியை அடுப்பில் தூக்கி வைத்தாள். டின்னோடு எண்ணெயைக் கவிழ்த்தாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சரி தலைவரே. அப்ப மொத பந்திய இன்னைக்கே போட்டுடலாம். சபைக்காரங்க எல்லாம் மேல போய் குந்துங்க. நான் இங்க எண்ணெய காய வெச்சிட்டு அப்டியே குளிச்சிட்டு வரேன்."

யாரும் அசையவில்லை.

"போங்க தலைவரே. உங்க கனவு மேலதான கீது?"

"எனக்கு முட்டி வலிம்மா. படி ஏறக் கூடாதுன்னு டாக்டர்..."

"சார், நீங்க போங்க. ரெண்டு மணி நேரம் தாங்கும்னு சொன்னீங்க. ஹெல்மெட் வேற போட்டுகினு கீறீங்க."

சிவசங்கர் போனைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்ல," என்றபடி வாசல் பக்கம் நகர்ந்தார். தலையாட்டிய ஒருவருக்கு வலை காயப்போட்டது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் இன்று விரதம் என்றார். நேற்று அவர் நண்டு தின்றதை ஊரே பார்த்தது.

கஸ்தூரியம்மாள் ஒரு குச்சியை எடுத்துத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் வைத்தாள்.

"யக்கா!" திரௌபதி அலறினாள். "வெக்காத யக்கா! பானு மேல கீறா!"

மேஜைகளைத் துடைக்கப் போன பானுப்ரியா மேலேயே இருந்தது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. கஸ்தூரியம்மாளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். குச்சியை அவள் உரசவில்லை. திருவேங்கடம் கண்ணாடியைப் பார்த்தார், வாணலியைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்காமல் வாசல் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பானு, எறங்கி வாடி."

"இன்னும் ரெண்டு மேஜ கீதும்மா."

"எறங்குடின்னா!"

பானுப்ரியா துணியும் கையுமாக, முணுமுணுத்துக்கொண்டே, கண்ணாடியை ஒட்டி ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கால் மணலில் படும்வரை கஸ்தூரியம்மாள் தீப்பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னா தலைவரே, மத்த கண்ணாடி எல்லாம் எப்ப வருது?"

திருவேங்கடம் சிவசங்கரைப் பார்த்தார். சிவசங்கர் படகைப் பார்த்தார். அதற்குள் படகில் திரௌபதி ஏறி, அதன் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.